மூடாத டேங்க்... விடாத காய்ச்சல்! பெசன்ட் நகர் கொசு ஆராய்ச்சி சொல்வது என்ன?

சென்னை:-

அடையாறு கடலில் கலக்கும் முகத்துவாரத்துக்கும் எலியட்ஸ் கடற்கரைக்கும் நடுவில் இருக்கிறது ஊரூர் ஒல்காட் குப்பம். விடியற்காலையில் படகு, விடிஞ்சதும் மீன் வியாபாரம் என்று ஓடுகிற ஊர். ஒரு நாள் கடலுக்குப் போகலேன்னா அன்னிக்கு வருமானம் கிடையாது. இப்படிப்பட்ட இடத்தில் வீட்டுக்கு சம்பாதிக்கிறவர் குளிர் காய்ச்சலில் படுத்தால், வீடே படுத்த மாதிரிதான்.

அந்த குளிர் காய்ச்சல் மலேரியாவாக இருந்தால் அது எங்கிருந்து வருகிறது, எப்படி தடுப்பது என்பதைக் கண்டுபிடிக்க பெரிய ஆராய்ச்சி ஒன்று நடந்தது. அது நடந்த இடம் வேறெங்கும் இல்லை, குப்பத்தை ஒட்டியுள்ள பெசன்ட் நகர்தான்.

பழி சாக்கடைக்கு... குற்றவாளி டேங்கில்!

கொசு என்றதும் நாம் கை காட்டுவது ஆற்றையும் சாக்கடையையும்தான். அங்கே கொசு இருப்பது உண்மை. ஆனால் அது க்யூலெக்ஸ் என்ற வேறு ரகம். யானைக்கால் நோயைப் பரப்பும். மலேரியாவைப் பரப்பாது.

சென்னையில் மலேரியாவைப் பரப்புவது அனாபிலஸ் ஸ்டீபன்சி என்ற கொசு. இதற்கு நல்ல தண்ணீர்தான் பிடிக்கும். மாடி டேங்க், கிணறு, சம்ப், டிரம், கட்டிட வேலைக்கு நிறுத்தி வைத்த தண்ணீர் ஆகியவற்றில்தான் முட்டை போடும். பெசன்ட் நகர் பகுதியில் நடந்த ஆய்வு ஒன்று 2016-ல் 'மலேரியா ஜர்னல்' என்ற மருத்துவ இதழில் வெளியானது. மாடி டேங்குகள்தான் இந்தக் கொசு வளரும் முக்கிய இடம் என்று அது சொன்னது.

எப்படி அடையாளம் காண்பது? டேங்க் தண்ணீரில் புழு மேல்மட்டத்தோடு படுத்தபடி மிதந்தால் அது அனாபிலஸ். தலைகீழாகத் தொங்கினால் வேறு கொசு. பெரிய கொசுவாக சுவரில் உட்காரும்போது அனாபிலஸ் பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு இருக்கும்.

ஒரே காய்ச்சல்... பல துறை!

2010-ல் தேசிய மலேரியா ஆராய்ச்சி நிறுவனமும் அமெரிக்காவின் நியூயார்க் பல்கலைக்கழகமும் சேர்ந்து இந்திய மலேரியா பற்றி ஆராய ஒரு மையத்தைத் தொடங்கின. இதற்குத் தேர்வு செய்த ஊர்கள் சென்னை, குஜராத்தின் நடியாத், ஒடிசாவின் ரூர்கேலா.

இதில் டாக்டர்கள் மட்டும் இல்லை. ரத்தத்தை மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பவர்கள், கொசு பிடிப்பவர்கள், கிருமியின் மரபணுவை ஆராய்பவர்கள், வெப்பநிலையைக் கணக்கெடுப்பவர்கள் என பல துறையினர் ஒன்றாக வேலை பார்த்தார்கள். இளம் ஆராய்ச்சியாளர்களுக்கு பயிற்சியும் கொடுக்கப்பட்டது.

எதற்கு இத்தனை பேர்? டாக்டருக்கு நோயாளி தெரியும், கொசு தெரியாது. கொசு ஆராய்ச்சியாளருக்கு டேங்க் தெரியும், யாருக்கு காய்ச்சல் என்று தெரியாது. இரண்டு கணக்கையும் சேர்த்துப் பார்த்தால்தான் எந்தத் தெருவில் நோய் சுற்றுகிறது என்பது புரியும். மலேரியா என்று தெரிந்ததும் சுகாதார ஊழியர்கள் விலாசம் கேட்பதும், அக்கம்பக்கத்தில் ரத்தம் எடுப்பதும் இதற்காகத்தான். சும்மா தொந்தரவு இல்லை.

வீட்டுக்குள் வெப்பமானி!

2013-ல் வெளியான இன்னொரு சென்னை ஆய்வு சுவாரஸ்யமானது. கொசு தங்கும் வீடுகளுக்குள் வெப்பமானி வைத்து அளந்தார்கள். வெளியே இருப்பதைவிட வீட்டுக்குள் வெப்பம் கூடுதலாகவும், ராத்திரி பகல் வித்தியாசம் குறைவாகவும் இருந்தது.

இதில் என்ன விஷயம்? மலேரியா கிருமி கொசுவின் உடம்புக்குள் வளர ஏறக்குறைய 10 முதல் 14 நாள் ஆகும். அதுவரை கொசு உயிரோடு இருந்தால்தான் அடுத்த ஆளுக்கு நோய் பரவும். இந்த நாள் கணக்கு கூடுவதும் குறைவதும் வெப்பத்தைப் பொறுத்தது. ஆக, வானிலை ஆபீஸ் சொல்லும் வெப்பநிலையை மட்டும் வைத்து நோய்க் கணக்கு போட முடியாது.

ஈரலில் ஒளியும் கிருமி!

சென்னையில் அதிகம் வருவது வைவாக்ஸ் மலேரியா. இதில்தான் பலபேர் ஏமாந்து போகிறார்கள். 3 நாள் குளோரோகுயின் சாப்பிட்டதும் காய்ச்சல் விட்டுவிடும். சரியாப் போச்சுன்னு கடலுக்குக் கிளம்பிடுவாங்க. ஆனால் கிருமி ஈரலில் ஒளிந்துகொண்டு, வாரக்கணக்கிலோ மாதக்கணக்கிலோ கழித்து மறுபடி கிளம்பும். புதுக் கொசு கடிக்கவே வேண்டாம்.

அந்த ஒளிந்த கிருமியைக் கொல்லத்தான் 14 நாள் பிரிமாகுயின் மாத்திரை தருகிறார்கள். பாதியில் நிறுத்தினால் மறுபடி காய்ச்சல், மறுபடி கூலி நஷ்டம். அவரைக் கடிக்கும் கொசு மூலம் பக்கத்து வீட்டுக்கும் நோய் போகும்.

ஒரு எச்சரிக்கை: கர்ப்பிணிகளுக்கும் 1 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் பிரிமாகுயின் தரக்கூடாது. சிலருடைய உடல்வாகுக்கு இது ஒத்துக்கொள்ளாது. சிறுநீர் கருப்பாகப் போனால் மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே டாக்டரைப் பார்க்க வேண்டும். நாமே கடையில் வாங்கி சாப்பிடுவது கூடவே கூடாது.

ஆப்பிரிக்கா வரை போன கொசு!

நம்ம ஊர் டேங்க் கொசு இன்று உலகத்துக்கே தலைவலி. 2012-ல் ஆப்பிரிக்காவின் ஜிபூட்டியிலும், 2016-ல் எத்தியோப்பியாவிலும் இது கண்டுபிடிக்கப்பட்டது. இலங்கையை மலேரியா இல்லாத நாடு என்று உலக சுகாதார நிறுவனம் 2016 செப்டம்பரில் அறிவித்தது. அதே டிசம்பரில் மன்னாரில் இந்தக் கொசு தென்பட்டது. பல வருடமாக இதோடு போராடும் சென்னையின் அனுபவம் அந்த நாடுகளுக்கும் தேவைப்படுகிறது.

கடந்த 10 ஆண்டுகளில் சென்னையில் மலேரியா வெகுவாகக் குறைந்திருக்கிறது. 2030-க்குள் இந்தியாவில் அடியோடு ஒழிக்க இலக்கு வைத்திருக்கிறார்கள். குறைஞ்சிடுச்சேன்னு டேங்க்கைத் திறந்து போட்டால் பழைய கதைதான்.

என்ன செய்யணும்?

* டேங்க், சம்ப், டிரம்முக்கு இடைவெளி இல்லாத மூடி போடுங்கள். உடைந்த மூடி இருந்தும் இல்லாத மாதிரிதான்.

* முட்டை கொசுவாக மாற ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். அதனால் வாரம் ஒரு நாள் டிரம்மைக் காலி செய்து, தேய்த்துக் கழுவிக் காய வையுங்கள்.

* இந்தக் கொசு சாயங்காலத்திலும் ராத்திரியிலும் கடிக்கும். மாடியிலோ மணலிலோ படுப்பவர்களுக்கு கொசுவலை அவசியம்.

* நடுக்கத்தோடு காய்ச்சல், அதுவும் ஒரு நாள் விட்டு ஒரு நாள் வந்தால், மாநகராட்சி ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். இலவசம்தான்.

* 14 நாள் மாத்திரை என்றால் 14 நாளும் சாப்பிடுங்கள்.

ஆராய்ச்சி செய்தவர்கள் கொசு எங்கே இருக்கிறது என்று காட்டிவிட்டார்கள். மாடி ஏறி மூடியைப் போடுவது நம்ம வேலை.