ஏட்டில் இல்லாத பெயர்

விளையாட்டு என்பது சிறுவர்க்கே உரியதென்றும், முதியோர் அதில் ஈடுபடுதல் தகாதென்றும் ஓர் எண்ணம் நம்மிடையே ஆழ வேரூன்றியிருக்கின்றது. முப்பது ஆண்டுகள் வகுப்பறையில் வரலாற்றுப் பாடம் புகட்டிய எனக்கும் அவ்வெண்ணமே இருந்தது. மின்திரையிலே பொம்மை வீரர்கள் ஒருவரையொருவர் வெட்டி வீழ்த்தும் விளையாட்டுக்களைக் காணுந்தோறும், பொன்னான நேரத்தைப் பாழாக்குகின்றார்களே என்று மனத்துள் நொந்துகொள்வேன். ஓய்வு பெற்ற பின்னர் ஒரு நாள், என் தமக்கையின் மகன் தன் கையடக்கக் கருவியை என் முன்னே வைத்து, "மாமா, இது ஓடி ஓடிச் சுடுற விளையாட்டில்லை. சதுரங்கம் மாதிரி, இருந்து யோசிக்கவேணும். உங்கடை சரித்திரப் பாடமும் இதுக்குள்ளை இருக்கு. ஒருக்கால் விளையாடிப் பாருங்கோ" என்றான். அவன் மனம் நோகக்கூடாதென்று தொடங்கினேன். ஏறத்தாழ இரண்டு மாதம் அதிலிருந்து மீளவில்லை. அவ்விளையாட்டின் சிறப்பைக் கூறுவதற்கு மட்டுமன்றி, அதில் நான் புரிந்த பிழையொன்றை ஒப்புக்கொள்வதற்காகவும் இக்கட்டுரையை எழுதுகின்றேன்.

'பைனல் பன்ரசி ரக்ரிக்ஸ்' என்பது அதன் பெயர். யப்பான் நாட்டின் ஸ்குயர் நிறுவனத்தார் அதனை 1997 ஆம் ஆண்டு யூன் மாதத்தில் பிளேஸ்ரேசன் கருவிக்கென வெளியிட்டனர். அதன் நெறியாளர் யசுமி மற்சுனோ. 1995 இல் 'ரக்ரிக்ஸ் ஓகர்' என்னும் போர்த்தந்திர விளையாட்டை ஆக்கிப் புகழ் பெற்றவர் அவர். 1998 இல் வந்த ஆங்கில மொழிபெயர்ப்பு பிழைகள் மலிந்தது. பின்னர் 2007 இல், பழைய ஆங்கில நாடகங்களின் வாடை வீசும் நடையிலே அது புதிதாக மொழிபெயர்க்கப்பட்டது. 2025 ஆம் ஆண்டு செப்ரெம்பர் மாதத்தில், பாத்திரங்கள் வாய்திறந்து பேசும் வண்ணம் மீண்டும் ஒரு புதுப்பதிப்பு வெளிவந்தது. என் கைக்கு வந்தது 2007 ஆம் ஆண்டுப் பதிப்பேயாகும்.

கதையின் களம்

ஐவலீஸ் என்னும் கற்பனை நாடு. அயல்நாட்டோடு ஐம்பதாண்டுகள் போர் புரிந்து தோற்ற நாடு அது. மன்னன் மறைகின்றான். அரியணைக்குரிய இளவரசனோ பச்சிளங் குழந்தை. ஆட்சிப் பொறுப்பு யாருக்கு என்ற போட்டியில் லார்க், கோல்தானா என்னும் இரு பெருங்கோமக்கள் பகைமூட்டி நாட்டை இரு கூறாக்குகின்றனர். ஒருவர் கொடியிலே வெண்சிங்கம். மற்றவர் கொடியிலே கருஞ்சிங்கம். எனவே அது 'சிங்கப் போர்' எனப்பட்டது. இங்கிலாந்து வரலாறு கற்பித்தவர்களுக்கு, பிரான்சுடன் நடந்த நூற்றாண்டுப் போரும், அதன் பின் 1455 இல் மூண்ட ரோசாப்பூப் போர்களும் உடனே நினைவில் எழும். எனக்கும் அவ்வாறே எழுந்தன. மருமகன் சொன்னது மெய்தான் என்று எண்ணி நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

கதையிலே இரு நண்பர்கள். ஒருவன் உயர்குடிப் பிறந்த ரம்சா. மற்றவன் டெலிற்றா, தாய்தந்தையரை இழந்து, தன் தங்கை தியெற்றாவுடன் ரம்சாவின் வீட்டிலே வளர்ந்த ஏழை. அவர்களுக்கு எதிரே, ஐம்பதாண்டுப் போரிலே நாட்டுக்காகப் போராடியும் ஊதியமின்றிக் கைவிடப்பட்ட போர்வீரர்கள் நிற்கின்றனர். பசி அவர்களைக் கிளர்ச்சிக்காரராக்கிற்று; பிரபுக்கள் அவர்களைக் கள்வர் என்கின்றனர். அவர்களுள் சிலர், பிரபு வீட்டுப் பெண் என்று மயங்கித் தியெற்றாவைக் கவர்ந்து செல்கின்றனர். பனி மூடிய கோட்டையொன்றின் வாயிலிலே அவளைப் பணயமாக முன்னிறுத்துகின்றான் ஒருவன். ரம்சாவின் தமையன் எய்யும்படி ஆணையிடுகின்றான். ஆர்கத் என்னும் இளைஞன் வில்லை எடுத்து முதலில் தியெற்றாவையும், அடுத்து அவளைப் பிடித்து நின்றவனையும் எய்து வீழ்த்துகின்றான். எளிய குடியிற் பிறந்த ஒரு பெண்ணுக்காகப் படை காத்து நிற்பதா? இதுவே அங்கு நிலவிய நியாயம்.

திரையில் நின்றது விரலளவுப் பொம்மையேயாயினும் என் நெஞ்சு கொதித்தது. "இவனும் ஒரு மனிதனா!" என்று நான் உரத்துக் கூவியதைக் கேட்டு, அடுக்களையிலிருந்து வீட்டார் எட்டிப் பார்த்தனர். அன்று நான் கொண்ட சினத்தை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்வார்களாக.

காலமும் கணக்கும்

நிற்க, ஆடும் முறையைச் சிறிது விளக்குதல் வேண்டும். சதுரங்கத்திலே ஒருவர் மாறி ஒருவர் காய் நகர்த்துவர். இங்கோ ஒவ்வொரு வீரனுக்கும் வேகம் என்று ஓர் எண் உண்டு. காலத்தின் ஒவ்வொரு துடிப்பிலும் அவ்வெண் அவன் கணக்கிலே கூடிக்கொண்டே போகும். கணக்கு 100 ஐ எட்டியதும் அவன் முறை வரும். அவன் நகர்ந்து தாக்கவுஞ் செய்தால் 100 கழியும். இரண்டில் ஒன்றை மட்டும் செய்தால் 80 கழியும். இரண்டும் செய்யாது நின்றால் 60 மட்டுமே கழியும். அதாவது, பொறுத்திருப்பவனுக்கு அடுத்த முறை விரைவில் வரும். பொறுத்தார் பூமியாள்வார் என்னும் பழமொழியை எண்கணிதமாக வகுத்து வைத்திருக்கின்றார்கள்!

போர்க்களம் சமதளமன்று. கூரைமீது நிற்கும் வில்லாளியின் அம்பு நெடுந்தூரம் செல்லும். முதுகுப்புறத்திலிருந்து வரும் வெட்டைத் தவிர்ப்பது அரிது. மந்திரம் ஓதத் தொடங்கினால் அது பலிக்கச் சிறிது நேரமாகும். அதற்குள் பகைவன் விலகிவிடவும் கூடும். ஒவ்வோர் அடிக்கும் முன்னால், அது படுவதற்கு நூற்றுக்கு எத்தனை வாய்ப்பு என்று திரை அறிவிக்கும். வீரன், மருத்துவன், துறவி, திருடன், பாணன் என இருபதுக்கும் மேற்பட்ட தொழில்கள் உள. கணக்கன் என்றும் ஒருவன் உண்டு. களத்தில் நிற்போரின் தரமோ, அவர்கள் நிற்கும் இடத்தின் உயரமோ 3, 4, 5 ஆகியவற்றின் மடங்கா, அன்றிப் பகா எண்ணா என்று பார்த்து அவன் மந்திரம் ஏவுவான். கணக்குப் பொருந்தினால் பகைவரோடு நம்மவரும் அகப்படுவர். கணித ஆசிரியர்கள் இவனை மிகவும் விரும்புவார்கள்.

வீரம், நம்பிக்கை என ஒவ்வொருவருக்கும் இரண்டு குணங்கள் எண்ணால் அளக்கப்பட்டிருக்கின்றன. இறை நம்பிக்கை மிகுந்தவனுக்கு மந்திரம் நன்கு பலிக்கும். அவன்மீது பகைவர் ஏவும் மந்திரமும் அவ்வாறே பலிக்கும். அந்நம்பிக்கை எல்லை கடந்து பெருகினாலோ, அவன் படையைத் துறந்து இறைவனைத் தேடிப் போய்விடுவான். இவ்வளவு நுட்பமான எள்ளலை நான் வேறெந்த விளையாட்டிலும் கண்டதில்லை.

எல்லாவற்றினும் முக்கியமானது சாவு. வீழ்ந்த வீரனின் தலைக்குமேல் 3 என்ற இலக்கம் தோன்றும். அவன் முறை வருந்தோறும் அது 2 ஆகும்; 1 ஆகும்; பின் சுழியாகும். அதற்குள் அவனை எழுப்பினாலோ, போர் முடிந்தாலோ பிழைப்பான். இன்றேல் அவன் உடல் மறைந்து, அவ்விடத்தில் ஒரு பளிங்குக்கல்லோ பேழையோ எஞ்சும். போனவன் போனவனே. 1990 இல் யப்பானில் வெளிவந்த 'பயர் எம்பிளம்' என்னும் விளையாட்டிலும் இறந்தவர் மீளார். ஆயின், இந்த மூன்று முறை அவகாசமே என்னைச் சோதித்தது.

ஒரு மாலைப் பொழுது

என் படையிலே மருத்துவப் பெண்ணொருத்தி இருந்தாள். கதையில் அவளுக்கு இடமில்லை. ஊரிலே சிறு பணத்துக்குச் சேர்த்துக்கொள்ளப்படும் வீரருள் ஒருத்தி. வீழ்ந்தாரை எழுப்பும் பீனிக்ஸ் இறகைக் கையாளும் கலை, என் படையிலே அப்போது அவள் ஒருத்திக்கே தெரியும். இரண்டாம் அத்தியாயத்திலே, மூன்று முறை தோற்று நான்காம் முறையாக ஆடிய போரொன்றில் அவள் வீழ்ந்தாள். பகைவருள் எஞ்சியவன் ஒருவனே. அவள் தலைக்குமேல் இலக்கம் 1 ஆகிவிட்டது.

வெண்மந்திரம் வல்லவன் ஒருவனின் முறை வந்தது. அவன் உயிர்ப்பிக்கும் மந்திரத்தை ஓதலாம். அது பலிக்கலாம், பலிக்காமலும் போகலாம். அன்றி, காயமுற்ற என் தலைசிறந்த வாள்வீரனைக் குணமாக்கலாம்; அவன் அடுத்த முறை கடைசிப் பகைவனை வெட்டினால் போர் முடியும், அவளும் பிழைப்பாள். நான் வாள்வீரனையே காத்தேன். அவன் வாளோங்கியபோது திரையில் நூற்றுக்கு 72 என்று கண்டேன். வெட்டுத் தவறிற்று. இலக்கம் அழிந்தது. அவள் கிடந்த இடத்திலே நீலப் பளிங்கொன்று மெல்லச் சுழன்றது.

அருகிலிருந்த மருமகன், "மாமா, போருக்கு முந்திப் பதிஞ்சு வைச்சனீங்கள்தானே? அதை எடுங்கோ, அவள் திரும்பி வருவாள்" என்றான்.

ஒரு மணி நேர உழைப்பு வீணாகும். நான்கு முறை ஆடிக் களைத்துவிட்டேன். "போகட்டும் தம்பி, அடுத்த ஊரிலை வேறொரு ஆளைச் சேர்ப்பம்" என்றேன்.

சொல்லி முடித்த கணமே திடுக்கிட்டேன். பனிக்கோட்டை வாயிலிலே நான் கேட்டுக் கொதித்த நியாயம் இதுவன்றோ! எளியவள்தானே, அவளிடத்துக்கு இன்னொருத்தி. ஆர்கத்தின் அம்பை இகழ்ந்த வாய் அதே கணக்கைச் சொல்லிவிட்டது. அவனுக்காவது போர் என்றொரு சாட்டு இருந்தது. எனக்கிருந்ததோ இராச்சாப்பாட்டு நேரம்.

ரம்சாவை அப்பளிங்கின்மேல் நிறுத்தினேன். இறந்தவர் கற்ற வித்தையைப் பளிங்கிலிருந்து இன்னொருவர் பெற்றுக்கொள்ளலாம் என்பது அவ்விளையாட்டின் விதி. இறகைக் கையாளும் கலை அவளிடமிருந்து ரம்சாவுக்கு வந்தது. அதன்பின் கதை முடியும்வரை எத்தனையோ பேரை ரம்சா எழுப்பினான். ஒவ்வொரு முறையும் அவள் கையே அது என்று எண்ணிக்கொண்டேன்.

ஏடு எழுதினோர்

இக்கதையை நமக்குச் சொல்பவன் அரஸ்லாம் துரை என்னும் வரலாற்றாசிரியன். துரை என்ற பெயரைக் கண்டதும் முறுவலித்தேன். நம் மொழிக்கும் அதற்கும் உறவில்லை. போர் நடந்து ஏறத்தாழ நானூறு ஆண்டுகள் சென்றபின் அவன் எழுதுகின்றான். நாட்டின் ஏடுகள் எல்லாம் டெலிற்றாவைப் புகழ்கின்றன. தங்கையை இழந்த அந்த ஏழை, பிரபுக்களையும் திருச்சபையையும் ஒருவர்மேல் ஒருவராக ஏவி, இளவரசி ஒவேலியாவை மணந்து மன்னனானான். ரம்சாவோ சமயத் துரோகி என்று பழிக்கப்பட்டு ஏட்டிலிருந்து மறைந்தான். உண்மையை அறிந்து எழுதிய ஓரன் துரை எரியூட்டப்பட்டான். அவன் எழுதியவற்றைத் திருச்சபை மறைத்து வைத்தது. அவன் வழிவந்த அரஸ்லாமே அவற்றை வெளியிடுகின்றான்.

முடிவிலே, மனைவிக்கு மலர்ச்செண்டுடன் வருகின்றான் டெலிற்றா. தன்னையும் கருவியாக்கினான் என்று ஐயுற்ற ஒவேலியா அவனைக் கத்தியாற் குத்துகின்றாள்; அவன் அதே கத்தியால் அவளைக் குத்துகின்றான். மண்ணும் முடியும் பெற்றவன் அங்கே தனியே நிற்க, பெயரிழந்த ரம்சா தன் தங்கையோடு எங்கோ செல்கின்றான்.

கதை முடிந்ததும் என் படைப்பட்டியலைத் திறந்தேன், அவள் பெயரை ஒரு முறை பார்ப்பதற்காக. அங்கே அது இல்லை. இறந்தோரைப் பட்டியல் வைத்திருப்பதில்லை. நினைவில் தேடினேன், ஐந்தெழுத்தா, ஆறெழுத்தா என்பதும் தெரியவில்லை. மருமகனைக் கேட்டேன். அவனுக்கும் நினைவில்லை.

முப்பது ஆண்டுகள் அரசர் பெயர்களையும் அவர்கள் முடிசூடிய ஆண்டுகளையும் மாணவருக்கு ஒப்புவிக்கக் கற்பித்தேன். மறந்தவர்களைத் தண்டித்தும் இருக்கிறேன். அவ்வரசர்களின் படையிலே நின்று மாய்ந்தோர் எத்தனை பேர் என்று பாடநூல் சொன்னதைச் சொன்னேன். அவர்களுக்குப் பெயர் இருந்திருக்குமே என்று ஒரு நாளும் சொன்னதில்லை. பெயரிழந்த ஒருவனுக்காக நானூறு ஆண்டு கழித்து ஏடு புரட்டும் கதையைக் கண்ணீர் மல்கப் படித்துக்கொண்டே, என் கைக்குள்ளிருந்து மறைந்த ஒரு பெயரை நான் கவனிக்கவில்லை.

இப்பொழுது அவ்விளையாட்டை இரண்டாம் முறை தொடங்கியிருக்கிறேன். மேசைமீது ஒரு பயிற்சிக் கொப்பி இருக்கின்றது. படையிற் சேரும் ஒவ்வொருவர் பெயரையும், தொழிலையும், சேர்ந்த ஊரையும் அதில் எழுதி வருகின்றேன். மருமகன் பார்த்துச் சிரிக்கின்றான், சிரிக்கட்டும். முதற் பக்கத்தின் முதல் வரியிலே 'மருத்துவப் பெண், இரண்டாம் அத்தியாயம்' என்று மட்டும் எழுதி, பெயருக்குரிய இடத்தை வெறுமையாக விட்டிருக்கிறேன்.