அங்கே போர், இங்கே வெறும் சட்டம்



அமெரிக்க உள்நாட்டுப் போரை (1861–65) கருணைக்கும் கொடுமைக்கும் நடந்த சண்டையாகவே படித்திருக்கிறோம். அதன் அடியில் சொத்துக் கணக்கு இருந்தது. 1860இல் அங்கே ஏறத்தாழ 40 லட்சம் அடிமைகள். நாட்டின் ஏற்றுமதியில் பாதிக்கு மேல் அவர்கள் உழைப்பில் விளைந்த பருத்தி. மேற்கே புதிய பகுதிகளுக்கு அடிமைமுறை பரவக் கூடாது என்ற லிங்கன் தேர்தலில் வென்றார். சொத்தும் ஆட்சிப் பலமும் பறிபோகும் என்று அஞ்சிய தென்மாநிலப் பண்ணை முதலாளிகள் பிரிந்துபோனார்கள். போர் மூண்டது.

இங்கும் பறையர்களும் பள்ளர்களும் நிலத்தோடு சேர்த்து விற்கப்பட்டார்கள், அடகு வைக்கப்பட்டார்கள். அடிமை மீதான உரிமையை நீதிமன்றம் ஏற்காது என்றது 1843ஆம் ஆண்டின் 5ஆவது சட்டம். மிராசுதார்கள் ஏன் ஆயுதம் எடுக்கவில்லை? நிலம் அவர்களிடமே இருந்தது. நம் குடிசை நின்ற மனையும் அவர்களுடையது. அடிமைச் சீட்டின் இடத்துக்குக் கடன் சீட்டு வந்தது; அடிமைக்குப் பண்ணையாள் என்று பெயர் மாறியது. அவ்வளவுதான்.

கூலி உயர்வு கேட்டு அணிதிரண்டபோதுதான் நெருப்பு வந்தது. 1968 டிசம்பர் 25 அன்று கீழவெண்மணியில் 44 பேர் ஒரே குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள். கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்துக்கு நாடு 1976 வரை காத்திருந்தது.

அமெரிக்காவிலும் விடுதலை வந்தது, நிலம் வரவில்லை. வாரத்துக்கு உழுது, கடனில் சிக்கி, பழைய முதலாளியிடமே திரும்பினார்கள்.

1873இல் ஜோதிராவ் புலே தம் ‘குலாம்கிரி’யை, அடிமை ஒழிப்புக்குப் பாடுபட்ட அமெரிக்க மக்களுக்குக் காணிக்கையாக்கினார். இரண்டு விலங்கும் ஒரே இரும்பு என்று அவர் அறிந்திருந்தார்.

காரிமங்கலத்து மாணவர்களே, சட்டத்தைப் படியுங்கள். கூடவே, உங்கள் ஊர் நிலத்தின் பட்டா யார் பெயரில் இருக்கிறது என்றும் பாருங்கள்.