மோரிசு மைனர் மகிழுந்தின் மின்னேற்றப் பழுதறிதல்

மோரிசு மைனர், 1948இல் இங்கிலாந்தில் அறிமுகமான மகிழுந்து. இதன் டைனமோ, கட்டுப்பாட்டுப் பெட்டி வழியாக 12 வோல்ட்டு மின்கலத்தை மின்னேற்றுகிறது. வண்டி ஓடும்போதும் சிவப்பு எச்சரிக்கை விளக்கு எரிந்தால் மின்னேற்றம் நடைபெறவில்லை. பழுதை அறியாமல் புதிய மின்கலம் பொருத்தினால் அதுவும் விரைவில் தீர்ந்துவிடும்.

முதலில் விசிறிப் பட்டை தளர்ந்துள்ளதா எனப் பார்க்க வேண்டும். பின்னர் டைனமோவின் 'டி', 'எஃப்' முனைகளிலுள்ள கம்பிகளைக் கழற்றி, அம்முனைகளை ஒன்றாக இணைத்து, அவற்றுக்கும் டைனமோவின் உடலுக்கும் இடையே வோல்ட்டுமானியைப் பொருத்தி, பொறியின் வேகத்தை மெல்ல உயர்த்த வேண்டும். அளவு சீராக ஏறினால் டைனமோ நன்றாக உள்ளது. பழுது கட்டுப்பாட்டுப் பெட்டியிலோ கம்பிகளிலோ இருக்கும். 20 வோல்ட்டைத் தாண்டவிடக் கூடாது. ஏறாவிட்டால் டைனமோவின் கரித்தூரிகைகள் தேய்ந்திருக்கலாம்.

பழைய மைனர்களில் மின்கலத்தின் நேர்முனையே வண்டியின் உடலுடன் இணைக்கப்பட்டிருந்தது. அத்தகைய வண்டியில் மானியின் சிவப்புக் கம்பியை உடலில் வைக்க வேண்டும்.