தரவுத்தள இணைப்புத் தடையும் அதனை ஆராயும் முறையும்

ஏடுகளின் அருமையை வன்னி மக்களுக்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. 2009ஆம் ஆண்டு முடிவுற்ற போரிலே பிறப்புச் சான்றிதழும் பாடசாலைப் பதிவும் இழந்தோர் நம்மிடையே பலர். அத்தகைய பதிவுகள் இன்று கணினித் தரவுத்தளங்களில் இடம்பெறுகின்றன. ஒருநாள் “இணைய முடியவில்லை” என்னுஞ் செய்தி திரையிலே தோன்றுமாயின், எல்லாம் அழிந்தனவென்று அஞ்சிச் சேவையகத்தை நீக்கி மீண்டும் நிறுவ முற்படலாகாது. பெரும்பாலும் வழி அடைபட்டதேயன்றிப் பொருள் அழிந்ததில்லை. நமது அவசரமே பொருளை அழித்துவிடக்கூடும்.

ஆதலின், முதலிற் பிழைச்செய்தியை ஊன்றி வாசித்தல் வேண்டும். நெடுநேரங் காத்தும் மறுமொழி வாராதாயின், முகவரி பிழைத்திருக்கலாம். அன்றித் தீச்சுவர் வழிமறித்திருக்கலாம். இணைப்பு உடனே மறுக்கப்படின், பெரும்பாலும் அக்கணினியை அடைந்துவிட்டோம். குறித்த துறையிலே செவிகொடுப்பார் இல்லை என்பதே பொருள். சேவையகம் நின்றிருத்தல், துறை எண் மாறியிருத்தல், சேவையகம் தன் கணினிக்கு மட்டுமே செவிகொடுக்குமாறு அமைக்கப்பட்டிருத்தல் ஆகியன இதற்குக் காரணங்களாம். மைஎஸ்கியூஎல்லுக்கு 3306உம், போஸ்ட்கிரெஸ்கியூஎல்லுக்கு 5432உம் வழக்கமான துறை எண்கள். அனுமதி மறுக்கப்பட்டதெனச் செய்தி வரின், வழி சீராகவே உள்ளது. பயனர் பெயர், கடவுச்சொல், உரிமை ஆகியவற்றை நோக்குதல் தகும்.

பணிசெயல் முறைமை மாறுமிடத்து வேறு இரண்டு தடைகள் எழுவதுண்டு. மைஎஸ்கியூஎல்லிலே ‘லோக்கல்ஹோஸ்ட்’ என்று குறிப்பிடின், லினக்ஸில் அது வலையமைப்பை நாடாது, அக்கணினியிலுள்ள சொக்கெற் கோப்பொன்றின் வழியாகவே இணைய முயலும். விண்டோஸிலோ வழக்கமாக வலையமைப்பு முறையிலேயே இணையும். எனவே விண்டோஸில் இயங்கிய நிரல் லினக்ஸிலே தடைப்படின், 127.0.0.1 என்னும் முகவரியை இட்டுப் பார்த்தல் நன்று. இரண்டாவது, அட்டவணைப் பெயர்களைப் பற்றியது. ஆங்கிலப் பெரிய எழுத்தையும் சிறிய எழுத்தையும் விண்டோஸ் ஒன்றாகவே கொள்ளும். லினக்ஸ் வேறாகக் கொள்ளும். அதனால் இணைப்புக் கிடைத்தபின்னும் “அட்டவணை இல்லை” என்று செய்தி வரலாம். அட்டவணை அங்கேதான் இருக்கும். நாம் அழைத்த பெயரே பிழை.

எதனையும் மாற்றுமுன் சேவையகத்தை நிறுத்தித் தரவுக் கோப்புறையின் பிரதியொன்றை வேறிடத்திலே சேமித்தல் வேண்டும். பின்னர் ஒரு வேளையில் ஒன்றை மட்டும் மாற்றிச் சோதித்தல் வேண்டும். மாற்றியதைக் குறித்தும் வைத்தல் வேண்டும்.

வவுனியா வளாகம் 2021இல் தனிப் பல்கலைக்கழகமாயிற்று; கிளிநொச்சி அறிவியல்நகரிலே பொறியியற் பீடம் இயங்குகின்றது. இவற்றிற் கணினி பயிலும் நம் மாணவர்கள், விடுமுறையில் ஒருநாளையேனும் தத்தம் பாடசாலை அலுவலகத்துக்கு அளித்து, அங்குள்ள பதிவுகளுக்குப் பிரதி உண்டா என்று பார்த்து உதவுவாராக. ஒருமுறை இழந்த ஏடுகளை மீளப் பெறுவதற்கு நம்மவர் பட்ட பாட்டை நாம் அறிவோம்.