சுளுக்குதானே என்று விட்டுவிடாதீர்கள்

கோடை விடுமுறை வந்ததும் வடசென்னை வியாசர்பாடியிலிருந்து குமரி மாவட்டத்துத் தூத்தூர்க் கடற்கரை வரையில் கால்பந்துப் போட்டிகள் களைகட்டுகின்றன. அந்த ஆரவாரமெல்லாம் அடங்கி இரண்டு மூன்று மாதங்கள் சென்ற பிறகுதான், அங்கே அடிபட்ட வாலிபர்கள் நொண்டிக்கொண்டு என்னைப் போன்ற எலும்பு மருத்துவரிடம் வருகிறார்கள். அடிபட்டது சித்திரையில், வருவது ஆடியில். “சுளுக்குதானே சார், தானாகச் சரியாகிவிடும் என்று விட்டுவிட்டோம்” என்று உடன் வரும் தகப்பனார் சொல்வதைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது.

வீக்கம் வடிந்தால் குணமா?

எதிராளி எவரும் தொடாமலே, ஓடுகிற வேகத்தில் சட்டென்று திரும்பும்போது முழங்காலுக்குள் ‘டப்’ என்று ஏதோ அறுந்தது போலிருந்ததென்றும், சில மணி நேரத்துக்குள் மூட்டு வீங்கிவிட்டதென்றும் ஒரு பையன் சொன்னால், முன் சிலுவை நார் (ஏ.சி.எல்.) அறுந்திருக்குமோ என்ற சந்தேகம்தான் முதலில் எழும். விபரீதம் என்னவென்றால், அந்த வீக்கம் சில வாரங்களில் வடிந்துவிடுகிறது. பையன் நடக்கிறான், நேராக ஓடவும் செய்கிறான். பந்தைத் தட்டிக்கொண்டு திரும்பும்போது மட்டும் கால் பிடி விட்டுப்போகிறது. அப்படி விட்டுப்போகும் ஒவ்வொரு தடவையும், உள்ளே மெத்தையாக இருக்கும் ஜவ்வு நசுங்கிக் கிழியக்கூடும். ஆரம்பத்திலேயே வந்திருந்தால் அநேகமாகத் தைத்துக் காப்பாற்றியிருக்கக்கூடிய அந்த ஜவ்வை, காலங்கடந்து வந்தவனுக்குப் பெரும்பாலும் வெட்டி எடுக்கத்தான் நேர்கிறது. அதன் பலனாக, முதுமையில் வரவேண்டிய மூட்டுத் தேய்மானம் நடுவயதுக்கு முன்பே வந்து சேரக்கூடும்.

எக்ஸ்ரே எலும்பைக் காட்டும், எம்.ஆர்.ஐ. நாரையும் ஜவ்வையும் காட்டும். எது வேண்டும் என்பதை மருத்துவர் தீர்மானிக்கட்டும்.

நீவுதலும் ஒத்தடமும்

அடிபட்ட இடத்தில் எண்ணெய் விட்டு அழுத்தி நீவினால் இரத்தக்கட்டு கரையும் என்ற அபிப்பிராயம் நம்மிடையே வேரூன்றிக் கிடக்கிறது. எதிராளியின் முழங்கால் தொடையில் இடித்து உள்ளே இரத்தம் கசிந்திருக்கும்போது அப்படி நீவினால், கசிவு அதிகமாவதுடன், சிலருக்குத் தசைக்குள்ளேயே எலும்பு வளர்ந்து முழங்காலை மடக்க முடியாமற்போகும். முதல் இரண்டு நாட்களில் வெந்நீர் ஒத்தடமும் வீக்கத்தைக் கூட்டவே செய்யும். ஐஸ்கட்டியைத் துணியில் சுற்றிப் பதினைந்து இருபது நிமிஷம் வைத்து, காலை உயரத் தூக்கி வைத்திருப்பதே போதும்.

நடக்க முடிகிறதே, எலும்பு முறிந்திருக்காது என்பது மற்றொரு மூடநம்பிக்கை. கணுக்காலின் வெளிப்புற எலும்பில் விரிசலோடு நடந்தே வந்தவர்கள் உண்டு. நான்கு எட்டு எடுத்து வைக்க முடியாவிட்டாலும், கணுக்கால் எலும்பின் மீது விரல் வைத்தாலே வலித்தாலும், அன்றைக்கே மருத்துவரிடம் காட்டவேண்டும். மூங்கில் பத்தை வைத்து இறுகக் கட்டிய பிறகு வலி ஏறிக்கொண்டே போய், கால்விரல்கள் மரத்துக் குளிர்ந்தால், அந்தக் கட்டை உடனே பிரித்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். சில மணி நேரத் தாமதத்தில் காலையே இழக்க நேரலாம்.

மாத்திரையும் ஸ்பிரேயும்

மருந்துக் கடையில் தானே கேட்டு வாங்கிய வலி மாத்திரையை விழுங்கிவிட்டு, இடைவேளையில் ஸ்பிரே அடித்துக்கொண்டு இரண்டாம் பாதிக்கு இறங்குவதை வீரம் என்று யார் சொல்லிக்கொடுத்தார்களோ தெரியவில்லை. வலி மறைகிறதே ஒழிய காயம் மறைவதில்லை. வெயிலில் வியர்த்து நீர் வற்றிய உடம்பில் அந்த மாத்திரை சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

எப்போது மறுபடி ஆடுவது?

பிரேசில் வீரர் ரொனால்டோ 1999 நவம்பரில் முழங்கால் நாண் காயமுற்றுச் சிகிச்சை பெற்று, 2000 ஏப்ரலில் மறுபடி களமிறங்கிய சில நிமிஷங்களிலேயே அதே நாண் முற்றிலும் அறுந்து வீழ்ந்தார். அதன் பிறகு நீண்ட காலம் பொறுத்திருந்தவர்தான் 2002 உலகக் கோப்பையில் எட்டு கோல் போட்டார். சிறந்த வைத்திய வசதி படைத்தவருக்கே இந்த கதி. சிலுவை நார் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்கள் ஒன்பது மாதமாவது ஆட்டத்தை மறந்திருக்கவேண்டும். அடுத்த மாதம் கோப்பை இருக்கிறது என்பது நாருக்குத் தெரியாது.

பயிற்சியாளர்களுக்கு

ஃபிஃபாவின் ‘11+’ என்ற முன்பயிற்சி இருபது நிமிஷம்தான் பிடிக்கும், செலவு ஒன்றுமில்லை, ஒழுங்காகச் செய்த இளம் அணிகளில் காயங்கள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்தன. இரண்டு சுற்று ஓடவிட்டு உடனே பந்தைப் போடும் வழக்கத்தை, ஐயா, தயவுசெய்து கைவிடுங்கள். ஷின் கார்டு இல்லாமல் எந்தப் பையனையும் இறக்காதீர்கள். வளரும் பருவத்தில் முழங்காலுக்குக் கீழே எலும்பு புடைத்து வலிக்கிறது என்று சொல்லும் சிறுவனைச் சோம்பேறி என்று ஏசாதீர்கள். அவனுக்கு வேண்டியது ஓய்வு. இறுதி ஆட்டமே ஆனாலும் வீங்கிய காலோடு நிற்பவனை வெளியே உட்காரவைத்து, மறுநாள் காலையில் மருத்துவரிடம் அனுப்புங்கள்.