பொறி சுமக்கும் கம்பி

திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் செல்லும் நெடுஞ்சாலையில், கார்த்திகை மாதத்து மழையிரவொன்றில், பழைய கார் ஒன்று வந்துகொண்டிருப்பதாகக் கொள்வோம். கூட்டேரிப்பட்டைக் கடக்கும் வரையில் ஒழுங்காக ஓடிய வண்டி, விக்கிரவாண்டியை நெருங்கும்போது இருமத் தொடங்குகிறது. வேகம் கொடுத்தால் குலுங்குகிறது. பெட்ரோலுக்குக் குறைவில்லை, பாட்டரியும் நல்ல நிலையிலேயே உள்ளது. ஓட்டுநர் வண்டியை ஓரமாக நிறுத்தி, எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே முன்மூடியைத் தூக்கிப் பார்க்கிறார். இருட்டினுள்ளே, கறுத்த கம்பிகளின் மேல், நீலநிறக் கீற்றுகள் மின்மினிபோல் தோன்றித் தோன்றி மறைகின்றன. பிளக்கிற்குச் செல்ல வேண்டிய மின்சாரம் வழியிலேயே கசிந்து, எஞ்சினின் இரும்புடலில் பாய்ந்து வீணாகின்றது என்பதற்கு அதுவே சான்று.

2024ஆம் ஆண்டு ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 செ.மீ. மழை கொட்டிற்று. அத்தகைய வெள்ளத்தில் எந்த வண்டியும் நின்றுவிடும். அதற்காகக் கம்பியைக் குறைகூறுதல் முறையன்று. ஆனால் சிறு தூறலுக்கே ஒரு வண்டி திணறுமாயின், முதலில் ஐயுறத்தக்கது பிளக் கம்பியே.

அக்கம்பி செய்யும் வேலைதான் யாது? பெட்ரோல் எஞ்சினின் சிலிண்டர் ஒவ்வொன்றிலும், காற்றோடு கலந்த பெட்ரோல் ஆவியைப் பிஸ்டன் அழுத்திச் சுருக்குகிறது. சுருங்கிய கலவையைத் தக்க நொடியில் கொளுத்துவதற்கு ஒரு தீப்பொறி வேண்டும். அப்பொறி, ஸ்பார்க் பிளக்கின் நுனியிலுள்ள ஏறத்தாழ முக்கால் மில்லிமீட்டர் இடைவெளியில் தோன்றுகிறது. திறந்த வெளியில் 1 மில்லிமீட்டர் காற்றைத் தாண்டுவதற்கே மின்சாரத்திற்கு ஏறத்தாழ 3,000 வோல்ட் அழுத்தம் தேவை. அழுத்திச் சுருக்கப்பட்ட கலவையைத் தாண்டுவதற்கோ 10,000 வோல்ட்டும் அதற்கு மேலும் வேண்டியிருக்கும். காரின் பாட்டரி தருவது 12 வோல்ட் மட்டுமே.

இந்த 12 வோல்ட்டைப் பல்லாயிரமாகப் பெருக்கித் தருவது, காயில் என்று வழங்கப்படும் மின்சுருளாகும். மைக்கேல் ஃபாரடே 1831இல் கண்டறிந்த மின்தூண்டல் தத்துவமே இதற்கு அடிப்படை. மென்கம்பி பல்லாயிரம் சுற்றும், தடித்த கம்பி சில நூறு சுற்றுமாக ஒரே இரும்பின்மேல் சுற்றப்பட்டிருக்கும். தடித்த கம்பியில் ஓடும் மின்சாரத்தைத் திடீரென நிறுத்தினால், மென்கம்பியில் உயர்ந்த அழுத்தம் எழும். சார்லஸ் கெட்டரிங் என்னும் அமெரிக்கர் 1910ஐ ஒட்டிய ஆண்டுகளில் இம்முறையைக் கார்களுக்கு ஏற்ற வகையில் அமைத்தார். காயிலில் எழும் மின்சாரத்தை டிஸ்டிரிபியூட்டர் என்னும் பங்கீட்டுப் பெட்டி முறைவைத்துப் பகிர்ந்தளிக்கிறது. அங்கிருந்து பிளக் வரையில் அதனைச் சுமந்து செல்வது நாம் கூறிவரும் கம்பி. நான்கு சிலிண்டர் கொண்ட எஞ்சின் நிமிடத்திற்கு 6,000 சுற்றுச் சுற்றும்போது, ஒவ்வொரு கம்பியும் நொடிக்கு 50 முறை இச்சுமையைத் தாங்குகிறது.

சாதாரணக் காருக்கு இவ்வளவு போதுமென்றால், வேகக் காருக்கு மட்டும் தனிக் கம்பி எதற்கு என்ற வினா எழலாம். சென்னைக்கு வடக்கே, சோழவரத்தில் போர்க்காலத்து விமான ஓடுதளமொன்று இருந்தது. சென்னை மோட்டார் விளையாட்டுக் கழகத்தின் கார்ப் பந்தயங்கள் பல ஆண்டுகள் அங்கே நடைபெற்றன. 1990இல் திருப்பெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் பந்தயத்திற்கெனவே பாதை அமைந்தது. கோயம்புத்தூர் கரிவரதன் வடிவமைத்த ‘ஃபார்முலா மாருதி’ வண்டிகள், மாருதி 800 காரின் சிறிய எஞ்சினைக் கொண்டே ஓடின. பிற்காலத்தில், 2005இல், ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியராகிய நரேன் கார்த்திகேயனும் தொடக்கத்தில் அவ்வண்டிகளை ஓட்டியவரே. பந்தயத்திற்காகச் சீர்செய்யப்படும் எஞ்சின்களில் கலவையை வழக்கத்தினும் மிகுதியாக அழுத்திச் சுருக்குவதுண்டு. அழுத்தம் மிக மிக, பிளக்கின் இடைவெளியைத் தாண்டுவது மின்சாரத்திற்கு அரிதாகிறது. மின்சாரமோ எளிய வழியையே நாடும் இயல்புடையது. பிளக் வழி கடினமாயின், கம்பியின் உறையிலுள்ள மயிரிழை வெடிப்பு அதற்கு எளிய வழியாகிவிடும். ஆதலின், மெல்ல ஓடும்போது குறையின்றித் தோன்றும் கம்பி, முழு வேகத்தில், வெயில் காயும் நடுப்பகலிலும், அந்த மழையிரவுக் கம்பியைப் போலவே கசியக்கூடும்.

கம்பியைத் தேர்ந்தெடுக்கும்போது, பெரும்பாலோர் அதன் நிறத்தையும் பருமனையும் பார்க்கின்றனர். கண்ணைப் பறிக்கும் சிவப்பும் மஞ்சளுமான தடித்த கம்பிகளைப் பூட்டியவுடன் எஞ்சினுக்குப் புதுவலிமை பிறந்துவிடும் என்று இளைஞர் சிலர் நம்பிப் பணத்தை இழக்கின்றனர். கம்பி வலிமையை உண்டாக்குவதில்லை. காயில் தந்ததைக் குறையாமல் கொண்டு சேர்ப்பதே அதனால் ஆவது. நல்ல கம்பியைக் கழற்றிவிட்டு விலையுயர்ந்த கம்பியைப் பூட்டுவதால் ஒரு குதிரைத்திறனும் கூடாது. 7 மில்லிமீட்டர், 8 மில்லிமீட்டர் என்று சொல்லப்படும் பருமனிலும் பெரும்பகுதி வெறும் உறையே. மின்சாரம் செல்லும் உள்நரம்பு அதனுள் மெல்லியதாகவே இருக்கும்.

‘எங்கள் கம்பியின் மின்தடை மிகக் குறைவு’ என்னும் விளம்பரத்தையும், வகுப்பில் கற்ற ஓமின் விதியைக் கொண்டு நாமே சோதித்துப் பார்க்கலாம். பொறி தோன்றும் வரையில் கம்பியில் ஓடும் மின்சாரம் மிகச் சொற்பம். தோன்றிய பின்னரும் பெரும்பாலும் ஓர் ஆம்பியரில் இருபதில் ஒரு பங்கு அளவிலேயே ஓடும். கம்பியின் தடை 10,000 ஓம் என்று வைத்துக்கொண்டாலும், அதில் இழக்கப்படுவது 10,000த்தை 0.05ஆல் பெருக்கினால் கிடைக்கும் 500 வோல்ட்டே. காயில் தரும் பல்லாயிரம் வோல்ட்டின் முன் இஃது ஒரு பொருட்டன்று. உள்நரம்பு அறுந்து, தடை அளவிறந்து போவதே அஞ்சத்தக்கது.

அப்படியாயின் தடையே இல்லாத செப்புக்கம்பியைப் பூட்டிவிடலாமே என்றால், அதிலும் ஓர் இடர் உண்டு. ஹைன்ரிக் ஹெர்ட்ஸ் 1887இல் ரேடியோ அலைகளைத் தோற்றுவித்ததும் ஒரு தீப்பொறியைக் கொண்டுதான். காரின் பிளக் பொறியும் அவ்வாறே அலைகளைப் பரப்பும் இயல்பினது. வெறுஞ் செப்புக்கம்பி பூட்டிய கார் தெருவில் சென்றால், வீட்டிலுள்ள வானொலிப் பெட்டி கரகரக்கும். எஞ்சினைக் கணினி நடத்தும் பிற்காலக் கார்களில், அக்கணினியே அதனால் தடுமாற நேரும். இதனைத் தவிர்க்கும்பொருட்டுக் கரி ஏற்றிய நார்நரம்பு கொண்ட கம்பிகள் வழக்கத்திற்கு வந்தன. அவை மலிவானவை, எனினும் நாள்பட்டால் நரம்பு சிதையும். காந்த இயல்புள்ள நடுநரம்பின்மேல் மெல்லிய உலோக இழையைச் சுருள் சுருளாகச் சுற்றிய கம்பி வேறொரு வகை. அது தடையும் குறைவு, அலையையும் அடக்கும். வேகக் காருக்கு நான் பரிந்துரைப்பது இதுவே.

உள்நரம்பினும் உறையைப் பற்றியே மிகுதியாகக் கவலைப்பட வேண்டும். பழைய ரப்பர் உறை எஞ்சினின் வெப்பத்தால் இறுகி வெடிக்கும். மின்கசிவால் காற்றில் தோன்றும் ஓசோனும் ரப்பரை அரிக்கும். சிலிகோன் உறை 200 பாகை செல்சியஸ் வெப்பத்தையும் தாங்கவல்லது. ஆயினும் அது மென்மையானது. கூரிய தகட்டின் விளிம்பில் உராய்ந்தால் எளிதில் கிழிந்துவிடும்.

இனி, கம்பியைச் செய்யும் முறை. ஒவ்வொரு கம்பியும் செல்ல வேண்டிய வழியைச் சணல் கயிற்றால் அளந்து, எஞ்சினின் ஆட்டத்திற்கென இரண்டு விரற்கடை கூட்டி நறுக்க வேண்டும். அடுத்து, பிளக்கை மூடும் ரப்பர்க் குல்லாயைக் கம்பியில் கோத்துவிட வேண்டும். இதை மறந்து முனையைப் பூட்டிவிட்டு, பின்னர் அதை வெட்டியெறியாத கைத்தொழிலாளர் அரியர். பிறகு, நுனியில் அரை அங்குல அளவுக்கு உறையை மட்டும் சீவி எடுக்க வேண்டும்; நரம்பில் கத்தி படலாகாது. வெளிப்பட்ட நரம்பை உறையின்மேல் மடித்து வைத்து, அதன்மேல் உலோக முனையைப் பொருத்தி, அதற்கெனவுள்ள அழுத்துகுறட்டால் இறுக்க வேண்டும். முனையின் இரு சிறகுகளும் உள்நோக்கி வளைந்து உறையைக் கவ்வ வேண்டும். சாதாரணக் குறட்டால் நசுக்கினால் பார்வைக்கு இறுகியதாகத் தோன்றும். உள்ளே நரம்பு முறிந்திருக்கும். அம்முறிவில் பொறி தாவித் தாவி, சில நாளில் முனை கரிந்துபோகும். கம்பியால் வரும் கோளாறுகளில் பல, கம்பியின் நடுவில் அல்ல, இந்த அரை அங்குலத்திலேயே பிறக்கின்றன.

செய்து முடித்த கம்பியின் இரு முனைகளிலும் ஓம்மானியை வைத்துத் தடையை அளக்க வேண்டும். அளக்கும்போதே கம்பியை இங்குமங்கும் வளைத்துப் பார்க்க வேண்டும். முள் துள்ளினால் முனை சரியில்லை. நீண்ட கம்பிக்குத் தடை மிகுதியாகவும், குட்டைக் கம்பிக்குக் குறைவாகவும் இருப்பது இயல்பே. குல்லாயினுள்ளே சிறிது சிலிகோன் பசையைத் தடவினால் ஈரம் புகாது. மீண்டும் கழற்றுவதும் எளிதாகும்.

பூட்டும்போது கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. அம்பாசிடர் முதலிய நான்கு சிலிண்டர் எஞ்சின்களில் பொறி 1, 3, 4, 2 என்னும் வரிசையில் விழும். மூன்றாவதன் கம்பியும் நான்காவதன் கம்பியும் ஒட்டி உரசியபடி நெடுந்தொலைவு சென்றால், ஒன்றில் பாயும் மின்சாரம் மற்றொன்றில் பொறியைத் தூண்டிவிடக்கூடும். அவ்வேளையில் நான்காம் சிலிண்டர் அப்போதுதான் கலவையை நிரப்பி முடித்திருக்கும். காலமல்லாக் காலத்தில் அது பற்றிக்கொண்டால், மேலேறி வரும் பிஸ்டன் அடிபடும். ஆகவே அவ்விரண்டையும் விலக்கியோ குறுக்கிட்டோ செலுத்தி, புகைபோக்கியின் வெப்பத்திற்கு எட்டாமல் கட்ட வேண்டும். பழைய கம்பிகள் அனைத்தையும் ஒருசேரக் கழற்றினால் வரிசை மாறிப்போகும். ஒன்றைக் கழற்றி, புதியதைப் பூட்டிய பின்னரே அடுத்ததைத் தொடுதல் நலம்.

இக்காலத்துப் புதிய கார்களில் பிளக்கின் தலைமேலேயே காயில் அமர்ந்துவிட்டமையால், இக்கம்பி பெரும்பாலும் மறைந்துவிட்டது. அம்பாசிடரும் மாருதி 800உம் 2014இல் உற்பத்தி நின்றவை. எனினும், அத்தகைய வண்டிகளைப் பேணி ஓட்டுவோருக்கும், பழைய எஞ்சின்களைப் பந்தயத்திற்குப் பக்குவப்படுத்துவோருக்கும் இவ்வேலை இன்றும் உண்டு.

வேலை முடிந்தபின், மழைக்காகக் காத்திருக்க வேண்டுவதில்லை. இரவில், காற்றோட்டமுள்ள திறந்த வெளியில், வேலையறிந்த ஒருவர் எஞ்சினை ஓடவிட்டு, கம்பிகளின்மேல் தெளிப்பானால் பனிபோல் நீரைத் தூவிப் பார்ப்பார். அப்போது ஒருவரும் கம்பியைத் தொடலாகாது. இவ்வளவு வோல்ட் கையில் பாய்ந்தால், அதிர்ச்சியில் துள்ளிய கை சுழலும் விசிறியில் சிக்கவும் கூடும். நீலக்கீற்று ஒன்று எங்கேனும் தெரிந்தால் அக்கம்பியை மீண்டும் கழற்ற வேண்டியதுதான். எங்கும் இருளாகவே இருந்து, எஞ்சினின் ஓசையும் பிசகாமல் ஒலித்தால், முன்மூடியை இறக்கிவிடலாம்.