உங்களுக்குத் தெரியுமா? காப்பி ஓடாமலே இடம் மாறும் விஎம்கள்

ஒரே கம்ப்யூட்டருக்குள் பல கம்ப்யூட்டர்கள் ஓடுகிற விர்ச்சுவல் மெஷின் ஏற்பாடு, ஆபீஸ் பேச்சில் விஎம், நேற்று முளைத்ததல்ல. ஐபிஎம் 1972-லேயே விஎம்/370 என்ற பெயரில் அதை வெளியிட்டது.

★

விஎம்களை ஓட்டும் மென்பொருளை விற்கும் விஎம்வேர் நிறுவனத்தை பிராட்காம் வாங்கி முடித்தது 2023 நவம்பரில். விலை சுமார் 6,900 கோடி டாலர். அடுத்த மாதமே, ஒருமுறை பணம் கட்டி நிரந்தரமாக வைத்துக்கொள்ளும் லைசென்ஸ் விற்பனை நின்றது. இனி சந்தா மட்டும் என்றார்கள். ‘வேறு இடம் பார்ப்போமா’ என்ற பேச்சு பல டேட்டா சென்டர்களில் சூடு பிடித்தது அதற்குப் பிறகுதான்.

★

அப்படி மாறுகிறவர்கள் பார்க்கும் இடங்களில் ஒன்று ஓப்பன்ஸ்டாக். நாசாவும் ராக்ஸ்பேஸும் சேர்ந்து 2010-ல் தொடங்கிய இந்தத் திறமூல மென்பொருளை வைத்து, சொந்த சர்வர்களிலேயே தனியார் கிளவுட் அமைத்துக்கொள்ளலாம். ஜெனீவா அருகே அணுத்துகள் ஆராய்ச்சி நடத்தும் செர்ன், 2013 முதல் இதில்தான் ஓடுகிறது. இதற்குள் விஎம்களை ஓட்டுவது நோவா, டிஸ்க்குகளைக் கவனிப்பது சிண்டர், நெட்வொர்க் நியூட்ரானின் பொறுப்பு.

★

இடம் மாறுவதென்றால் விஎம்களின் டிஸ்க் டேட்டாவும் கூடவே போக வேண்டும். 10 டெராபைட் டேட்டாவை 1 ஜிகாபிட் லைனில் அனுப்ப எவ்வளவு நேரம் ஆகும்? லைனில் வேறு எதுவுமே ஓடவில்லை என்று வைத்துக்கொண்டாலும் 22 மணி நேரம். 50 டெராபைட்டை 10 ஜிகாபிட் லைனில் அனுப்பினால் 11 மணி நேரம். நடைமுறையில் லைன் அப்படிக் காலியாக இருப்பதே இல்லை. சனிக்கிழமை இரவு தொடங்கிய காப்பி ஞாயிறு மதியம் 63 சதவீதத்தில் நிற்கும்போது, திங்கள் காலை 9 மணியை நினைத்து வயிறு கலங்கும். இந்த வேலை பார்த்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

★

ஆனால் பழைய விஎம்வேரும் புதிய ஓப்பன்ஸ்டாக்கும் பெரும்பாலும் ஒரே ஸ்டோரேஜ் பெட்டியைத்தான் பயன்படுத்தப் போகின்றன. டேட்டா அந்தப் பெட்டியிலிருந்து புறப்பட்டு, சர்வர், நெட்வொர்க், இன்னொரு சர்வர் என்று ஊரைச் சுற்றி, மறுபடி அதே பெட்டிக்கே வந்து சேர்கிறது. இத்தனை மணி நேரமும் இந்தச் சுற்றலுக்குத்தான்!

★

இந்தச் சுற்றலைத் தவிர்க்க எக்ஸ்காப்பி என்று ஒரு கட்டளை உண்டு. ‘இந்தத் தொகுதிகளை அங்கே நகலெடு’ என்று சர்வர் சொன்னால் போதும், ஸ்டோரேஜ் பெட்டி தனக்குள்ளேயே வேலையை முடித்துக்கொள்ளும். விஎம்வேர் 2010-லிருந்தே இதைப் பயன்படுத்துகிறது. ஒரே டேட்டாவை இரண்டு முறை எழுதாத ஸ்டோரேஜ்களில் இன்னும் வேகம்: அங்கே நகல் என்பது உள் அட்டவணையில் ஒரு புதுக் குறிப்பு, அவ்வளவுதான். மணிக்கணக்கு நிமிடக்கணக்காகச் சுருங்குவது இங்கேதான்.

★

எக்ஸ்காப்பி வழியில் ஒரு சிக்கல் உண்டு. விஎம்மின் டிஸ்க், விஎம்எஃப்எஸ் என்ற விஎம்வேரின் சொந்த ஃபைல் சிஸ்டத்துக்குள் ஒரு ஃபைலாக இருக்கிறது. அந்த ஃபைல் சிஸ்டத்தில், ஓப்பன்ஸ்டாக் பக்கத்தில் விஎம்கள் ஓடும் கேவிஎம் சர்வரால் புழங்க முடியாது. அதற்குக் கண்டுபிடித்திருக்கும் வழி எனக்கு மிகவும் பிடித்தது. சிண்டர் முதலில் அதே பெட்டியில் ஒரு காலி வால்யூமை, அதாவது வெற்று டிஸ்க்கை, உருவாக்கி, அதை விஎம்வேர் சர்வருக்குக் காட்டுகிறது. விஎம்வேரில் ஆர்டிஎம் என்றொரு ஏற்பாடு உண்டு: பார்க்க டிஸ்க் ஃபைல், உள்ளே இருப்பதோ அந்த வால்யூமின் முகவரி மட்டும். விஎம்கேஎஃப்எஸ்டூல்ஸ் கட்டளையில் ‘இந்த டிஸ்க்கை அந்த ஆர்டிஎம்முக்கு க்ளோன் செய்’ என்று கேட்டதும், எக்ஸ்காப்பி வழியாக டேட்டா நேராக வெறும் வால்யூமில் போய் இறங்குகிறது. பிறகு வால்யூமை விஎம்வேரிலிருந்து கழற்றி கேவிஎம் சர்வரில் மாட்டுகிறார்கள். நெட்வொர்க்கில் டேட்டா போகவே இல்லை. பழைய டிஸ்க்கும் அப்படியே இருப்பதால், எது கோளாறானாலும் பழைய விஎம்மை ஆன் செய்துகொள்ளலாம்.

ஒரு எச்சரிக்கை: இரண்டு டிஸ்க்குகளும் வேறு வேறு பெட்டிகளில் இருந்தால் விஎம்வேர் எந்தப் புகாரும் சொல்லாமல் பழைய மெதுவான காப்பிக்கே போய்விடும். அதனால் முதல் விஎம்மில் கடிகாரத்தைப் பார்த்துச் சோதித்த பிறகே மற்றவற்றைத் தொடங்க வேண்டும்.

★

நெட்வொர்க் வழியாக ஃபைல்களைப் பகிரும் என்எஃப்எஸ்ஸில் டிஸ்க் இருந்தால் வேலை இன்னும் சுலபம். அங்கே ஒரு டிஸ்க்குக்கு இரண்டு ஃபைல்கள். ஒன்று, சில வரிகளே உள்ள விவரக் குறிப்பு. இன்னொன்று, பெயரில் ‘ஃப்ளாட்’ என்று இருக்கும் பெரிய ஃபைல். அந்தப் பெரிய ஃபைலில் இருப்பது எந்தப் பூச்சும் இல்லாத டிஸ்க் டேட்டா. கேவிஎம் அதை அப்படியே படிக்கும்.

★

பெட்டியும் மாறியே தீரவேண்டும் என்றால் டேட்டா பயணம் செய்துதான் ஆகவேண்டும். அப்போதும் விஎம்மை மணிக்கணக்கில் அணைத்து வைக்க வேண்டியதில்லை. எந்தத் தொகுதி மாறியது என்று குறித்துவைக்கும் வசதி விஎம்வேரில் 2009-லேயே வந்துவிட்டது. விஎம் ஓடும்போதே முழு டிஸ்க்கையும் காப்பி செய்து, கடைசியில் சிறிது நேரம் நிறுத்தி, இடையில் மாறியதை மட்டும் அனுப்பினால் போதும்.

★

டிஸ்க் வந்துவிட்டால் விஎம் ஓடிவிடுமா? விண்டோஸ் விஎம்மாக இருந்தால் நீலத் திரையில் 0x7B என்று நின்றுவிடலாம். பூட் டிஸ்க்கைத் தொட முடியவில்லை என்று அர்த்தம். டேட்டாவில் ஒரு பைட்கூடக் கெட்டிருக்காது. கேவிஎம்மின் விர்ட்ஐஓ டிரைவர் உள்ளே இல்லை, அதுதான் காரணம். விர்ட்-வி2வி என்ற திறமூலக் கருவி, நகலெடுக்காமல் அதே டிஸ்க்கின் மேலேயே டிரைவரைச் சேர்த்துத் தரும்.

★

லினக்ஸில் வேறு விதமான தலைவலி. விஎம்வேரில் ens192 என்றிருந்த நெட்வொர்க் கார்டு, கேவிஎம்மில் ens3 என்று எழுந்திருக்கலாம். ஐபி முகவரியை ens192 என்ற பெயரில் எழுதிவைத்திருந்தால், சர்வர் நன்றாகவே ஓடும், ஆனால் யாராலும் அதை எட்ட முடியாது. கார்டின் மேக் முகவரியும் இடம் மாறியதைக் காட்டிக்கொடுக்கும்: விஎம்வேரில் பெரும்பாலும் 00:50:56 என்று தொடங்குவது, ஓப்பன்ஸ்டாக்கில் வழக்கமாக fa:16:3e என்று தொடங்கும். பழைய மேக்கையே கொடுத்து நியூட்ரானில் போர்ட் உருவாக்கலாம். மேக்கைப் பார்த்து லைசென்ஸ் சரிபார்க்கும் மென்பொருள் உள்ளவர்கள் இதை மறக்கவே கூடாது.

★

விஎம்வேரில் ஏற்கெனவே ஆர்டிஎம்மாக இருந்த டேட்டாபேஸ் டிஸ்க்குகளுக்கு க்ளோன்கூட வேண்டாம். ‘சிண்டர் மேனேஜ்’ என்ற கட்டளை, பெட்டியில் இருக்கும் வால்யூமை இருந்த இடத்திலேயே ஓப்பன்ஸ்டாக்கின் பொறுப்பில் எடுத்துக்கொள்ளும். வீட்டுச் சாமான் ஒன்றைக்கூடத் தொடாமல் பட்டாவில் பெயர் மாற்றுவதுபோல. ஆனால் இதில் நகல் கிடையாது, இருப்பது ஒரே டிஸ்க்தான். பழைய பக்கத்தில் விஎம்மை அணைத்து, டிஸ்க்கைக் கழற்றிய பிறகே புதிய பக்கத்தில் மாட்ட வேண்டும். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் எழுதினால் டேட்டாபேஸ் சிதைந்துவிடும்.

★

‘சிண்டர் மேனேஜ்’ கட்டளையின் மறுபக்கம் ‘சிண்டர் அன்மேனேஜ்’. பெயரைப் பார்த்துப் பலர் பயப்படுகிறார்கள். அது எதையும் அழிப்பதில்லை. வால்யூமை ஓப்பன்ஸ்டாக்கின் கணக்கிலிருந்து மட்டும் விடுவிக்கிறது. டேட்டா பெட்டியில் இருந்தபடியே இருக்கும். அழிப்பது ‘டிலீட்’.